மூன்று முறையும் பதினொரு மணி

“நான் வீட்டுல இல்லைன்னு எழுதிக் குடுத்தது நீங்களாம்மா?”

ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கதவைத் தட்டிய பெண் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். கையில் நான்காக மடித்த ஒரு நகல் தாள். விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. எழுதியது நானில்லை, என் அக்கா. ஆனால் அக்கா அந்த வீட்டுக்கு மூன்றாவது முறை போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அதனால் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. “உள்ள வாங்க, அக்கா வந்துடுவா” என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அது நடந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பள்ளி முடித்து ஐந்து மாதம். என்ன படிப்பது என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் என் அக்கா படித்த படிப்பைப் பற்றியும், அது அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பற்றியும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அக்காவுக்குச் சட்டம் படிக்க ஆசை. நான்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. விண்ணப்பித்த அதே கல்லூரியில் குற்றவியல் நீதி என்று மூன்று வருடப் பட்டப்படிப்பு இருந்தது, அதில் இடமும் இருந்தது. சேர்ந்துவிட்டாள். போலீஸ், நீதிமன்றம், சிறை மூன்றும் எப்படி வேலை செய்கின்றன, வேலை செய்யாதபோது யாருக்கு என்ன ஆகிறது என்பதுதான் பாடம் என்று விளக்குவாள். எங்கள் வீட்டில் அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார், அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் காஜா எடுக்கிறார். இரண்டு பேரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். சித்தப்பா மட்டும் வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

“என்னம்மா, குற்றம் படிக்கிறியாமே! பூட்டு உடைக்கிறதெல்லாம் பிராக்டிகல்ல வருமா?”

“உடைச்சவனை என்ன பண்றதுன்னு வரும் சித்தப்பா.”

“அதுக்கு எதுக்கு மூணு வருஷம்? நாலு சாத்து சாத்தினா மூணு நிமிஷத்துல முடிஞ்சுது.”

“அந்த மூணு நிமிஷத்துக்கு அப்புறம் அவன் முப்பது வருஷம் இருக்கணுமே. அதுக்குத்தான் படிக்கிறோம்.”

சித்தப்பா சிரித்துவிட்டு, “வாயாடிக்குப் போய் சட்டத்துல இடம் குடுக்காம விட்டாங்களே” என்பார்.

முதல் வருடத்திலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, கண்டதை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்பது. அக்கா அதை எங்கள் மேல் பழகிப் பார்த்தாள். ஒரு சின்ன நோட்டில், ‘6.50. அப்பா வந்தார். செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று அலமாரிக்கு அடியிலும் கிடந்தது. யாரிடமும் பேசவில்லை’ என்று எழுதிவைத்திருந்தாள். அம்மா படித்துவிட்டு, “கோபமா வந்தாருன்னு ஒரே வார்த்தையில எழுதேன்டி” என்றார்.

“கோபம் கண்ணுக்குத் தெரியாதும்மா. செருப்புதான் தெரியும்.”

“பெத்த அப்பன் மேலயே கேஸ் எழுதுறா பாரு” என்றார் அப்பா. ஆனால் மறுநாள் செருப்பை ஜோடியாக விட்டார்.

அவளுக்கு நன்னடத்தை அலுவலர் ஆக வேண்டும் என்று இருந்தது. முதல் தடவையாகச் சின்னக் குற்றம் செய்து மாட்டிக்கொண்டவரைச் சிறைக்கு அனுப்பாமல், வீட்டிலேயே விட்டுக் கண்காணிக்கச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டாம். அதற்கு முன்னால் இந்த அலுவலர் அவருடைய வீட்டுக்குப் போய், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். “ஒரு ஆள் ஜெயிலுக்குப் போறதும் போகாததும் ஒரு பக்க பேப்பர்ல இருக்குடி” என்பாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதலாம். ஆனால் கண்டதை மட்டும் எழுது என்றால், அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள் என்றுதான் எழுத முடியும்.

மூன்றாம் வருடம் களப்பணி வந்தது. செவ்வாயும் வியாழனும் காலை பத்து முதல் ஒரு மணி வரை. நீதிமன்றத்தின் பின்பக்கத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது நன்னடத்தை அலுவலரின் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தரையிலிருந்து ஜன்னல் வரை கோப்புகள். நூற்று நாற்பது பேருடைய விசாரணை அவர் ஒருவர் தலையில். “வாம்மா, நீ வந்தது எனக்கு இன்னும் ரெண்டு கை முளைச்ச மாதிரி” என்று முதல் நாளே சொல்லி, கோப்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

அந்தக் கோப்பில் இருந்தவர் இருபது வயது மெக்கானிக். வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்து விற்றிருந்தார். பிடிபட்டதும் ஒப்புக்கொண்டார். ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் சிறையில் இருந்தார். முதல் குற்றம். வீட்டில் அம்மா மட்டும்.

அக்கா இரண்டு முறை போனாள். வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது முறை, “அந்தத் தெருவுல ஒரு நாய் என்னையே முறைக்குது, நீயும் வா” என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்குப் பள்ளி விடுமுறை. போனேன்.

ஒரே வரிசையில் எட்டு அறைகள், தகரக் கூரை. கடைசிக்கு முந்தைய கதவில் பூட்டு. நாய் படுத்தபடி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. அக்கா பக்கத்து அறையில் நின்ற பெண்ணிடம், “இங்க இருக்கிறவங்க எப்போ வருவாங்க?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் பார்வை அக்காவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் போனது. அதில் கல்லூரிப் பெயரும், அதைவிடப் பெரிய எழுத்தில் ‘குற்றவியல் துறை’ என்பதும் இருந்தது.

“எங்களுக்கு எதுவும் தெரியாதுங்க. நாங்க இங்க புதுசு.”

“ஆமா, பதினொரு வருஷப் புதுசு” என்று உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் சிரித்தது. அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதோடு வரிசையில் இருந்த மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

பூட்டிய வீட்டின் முன்னால் கொடியில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

“அக்கா, ஈரத்துணி. காலைல யாரோ துவைச்சிருக்காங்க.”

“யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ எழுத முடியாது.”

“சாயங்காலம் ஒரு தடவை வந்து பார்த்தா என்ன?”

“களப்பணி ஒரு மணி வரைக்கும்தான். அதுக்கப்புறம் எனக்கு ஏதாவது ஆனா காலேஜ் பொறுப்பு ஏத்துக்காது. அனுமதி கிடையாது.” சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள்: 11.05. முந்தைய இரண்டு முறையும் பதினொரு மணியை ஒட்டித்தான் இருந்தது. பத்து மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, பேருந்து பிடித்து வந்தால் அந்த நேரம்தான் ஆகும்.

அக்கா எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: மூன்று முறை சென்றபோதும் வீடு பூட்டியிருந்தது, அக்கம்பக்கத்தார் பேச முன்வரவில்லை. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அலுவலர் அதைப் படித்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டி, தன்னுடைய படிவத்தில் டைப் அடித்தார். ‘நேரில் மூன்று முறை விசாரித்ததில்’ என்று தொடங்கி, ‘குடும்ப ஆதரவு இல்லை’ என்று முடித்தார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

“சார், ஆதரவு இல்லைன்னு நான் எழுதலையே?”

“மூணு தடவையும் பூட்டியிருந்தா வேற என்னம்மா அர்த்தம்? நீதிபதிக்குக் கதை படிக்க நேரம் ஏது?”

அக்காவின் பார்வை மேசைக்குப் போனது. அவளுடைய களப்பணி மதிப்பெண் தாளும் அதே மேசையில், அவருடைய கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டார். வகுப்பிலேயே அதுதான் அதிகம். மெக்கானிக்குக்கு ஒன்றரை வருடம் சிறை.

அந்தத் தீர்ப்பு வந்த மறுவாரம்தான் அவருடைய அம்மா எங்கள் படியில் வந்து உட்கார்ந்தார். அக்கா தெருமுனையில் வரும்போதே அவர் எழுந்துவிட்டார். பக்கத்து அறைப் பெண் அடையாள அட்டையில் கல்லூரிப் பெயரையும் அக்காவின் பெயரையும் படித்து வைத்திருந்தாராம். இவர் கல்லூரி வாட்ச்மேனிடம் இரண்டு நாள் நின்று எங்கள் முகவரியை வாங்கியிருந்தார்.

“நான்தாம்மா எழுதினேன்” என்றாள் அக்கா. மறைக்கவில்லை.

“நான் ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை பார்க்கிறேன். முன்னாடி மத்தியான ஷிஃப்ட்டு. காலைல முழுக்க வீட்டுலதான் இருப்பேன். இவனை உள்ள வெச்சப்புறம்தான் காலை ஷிஃப்ட்டுக்கு மாத்திக் கேட்டேன். சூப்பர்வைசர் கால்ல விழாத குறை. ஆறு மணிக்குப் போனா ரெண்டு மணிக்கு விடுவாங்க. ஜெயில்ல பார்க்க விடுறது செவ்வாயும் வெள்ளியும் மூணு மணிக்குத்தானே? அதுக்காக மாத்தினேன்மா. அவனைப் போய்ப் பார்க்கிறதுக்காக மாத்தினதைக் கொண்டுபோய், அவனுக்கு ஆளே இல்லைன்னு எழுதிட்டீங்களே.”

அக்கா படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கோர்ட்டுக்கு நீங்க வரலையா?”

“லீவு போட்டுட்டு வந்தேன். வெளிய நில்லுங்க, கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்க. நின்னேன். யாரும் கூப்பிடல. எங்கம்மா வெளிய நிக்கிறாங்கன்னு அவன் சொன்னானாம். அவங்க இந்தப் பேப்பரைப் பார்த்தாங்களாம்.” மடித்த தாளை அக்காவின் மடியில் வைத்தார். “இதை மாத்தி எழுத முடியுமா?”

“முடியும்” என்றாள் அக்கா.

அந்த ஒரு சொல்லை அவள் நம்பித்தான் சொன்னாள். மூன்று வருடம் படித்த படிப்பு அவளை அப்படி நம்ப வைத்திருந்தது.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். முதலில் அலுவலரிடம் போனாள். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லைன்னு எழுதிக் குடுக்கப் போற. அப்படித்தானே?”

“நான் போனேன்னு மட்டும் எழுதுறேன் சார்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினேழு மாசம் இருக்கு.” கோப்புகளைக் கை காட்டினார். “வண்டி கிடையாது, ஆள் கிடையாது. நூத்து நாப்பது வீட்டுக்கு நான் எப்படிப் போவேன், சொல்லு.”

அவர் சொன்னதும் உண்மைதான்.

அடுத்தது துறைத் தலைவர். ‘கண்டதை மட்டும் எழுது’ என்று முதல் வருடம் சொல்லிக்கொடுத்த அதே மேடம்.

“நீ எழுதினது பயிற்சி. கோர்ட்டைப் பொறுத்தவரைக்கும் நீ அந்தத் தெருவுக்கே போகலை.”

“போனேனே மேடம். மூணு தடவை போனேன்.”

“போனதை வெளிய சொன்னா, மாணவர்களை வெச்சு அரசாங்க வேலை வாங்கினாங்கன்னு ஆகும். அடுத்த வருஷம் ஒரு பிள்ளையைக்கூடக் களப்பணிக்குள்ள விடமாட்டாங்க. உன் வகுப்புல முப்பத்திரண்டு பேர் மார்க்கும் நிக்கும். யோசிச்சுக்கோ.”

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. “பட்டத்தைக் கையில வாங்கிட்டு அப்புறமா எழுதிக் குடுக்கக் கூடாதா?” என்றார் அம்மா.

“மனு குடுக்க இன்னும் ஒன்பது நாள்தாம்மா இருக்கு. பட்டத்துக்கு அஞ்சு மாசம் இருக்கு.”

“அந்தப் பையன் திருடினது உண்மைதானே?” என்றார் அப்பா.

“உண்மைதான்பா. அவன் திருடினதைப் பத்தி நான் எழுதல. அவங்கம்மா இல்லைன்னு எழுதினதைப் பத்தித்தான் எழுதுறேன்.”

அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, “வக்கீலைப் பார்க்க எத்தனை மணிக்குப் போகணும்? லாரியிலயே இறக்கி விடுறேன்” என்றார்.

இலவசமாக வாதாட வந்த இளம் வக்கீல், அக்காவின் உறுதிமொழிப் பத்திரத்தோடு லாண்டரியின் ஷிஃப்ட் அட்டவணையையும் சேர்த்தார். சிறையில் பார்வையாளர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. யார், என்று, யாரைப் பார்க்க வந்தார்கள் என்று அதில் கையெழுத்து வாங்குவார்கள். செவ்வாய், வெள்ளி தவறாமல் அந்த அம்மாவின் கையெழுத்து அதில் இருக்கும். அந்தப் புத்தகத்தை வரவழைத்துப் பார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டார்கள். இருபத்தெட்டாவது நாள் மனு ஏறியது. அன்று அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது வேகமாக நடக்கவில்லை.

விளக்கம் கேட்டபோது அலுவலர், மூன்று முறையும் தான்தான் போனதாகவும், மாணவி உடன் வந்ததாகவும் எழுதிக்கொடுத்தார். கல்லூரி ஒழுங்கு விசாரணை என்று ஒன்றை வைத்தது. தேர்வு முடிவு வந்த நாளில் முப்பத்தோரு பெயர்களுக்கு எதிரே மதிப்பெண் இருந்தது. அக்காவின் பெயருக்கு எதிரே ‘நிறுத்திவைப்பு’ என்று இருந்தது. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. விசாரணைக் குழுவில் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார், புதிதாக ஒருவரைப் போடவில்லை.

மேல்முறையீடு எட்டு முறை தள்ளிப்போனது. ஒருமுறை நீதிபதி விடுப்பு. ஒருமுறை கோப்பு வேறு அறையில் இருந்தது. அது எந்த அறை என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாவது முறை சிறையிலிருந்து பதிவேடு வந்துவிட்டது என்றார்கள். அக்காவும் அந்த அம்மாவும் எழுந்து நின்றுவிட்டார்கள். திறந்து பார்த்தால் அது முந்தைய வருடத்துப் புத்தகம்.

“அந்த வருஷம் என் பையன் ஒர்க்‌ஷாப்புல நட்டு முறுக்கிட்டு இருந்தான். அதுல போய் என் கையெழுத்தைத் தேடுறாங்க” என்று அந்த அம்மா சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

பதின்மூன்றாவது மாதம், தீர்ப்புக்கு முன்பு சிறையில் இருந்த நாட்களையும் நன்னடத்தைக் கழிவையும் கணக்கில் எடுத்து மெக்கானிக்கை விடுதலை செய்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து ஏழு ஒர்க்‌ஷாப்புகளில் வேலை கேட்டார். அந்த ஊரில் பேட்டரி விஷயம் தெரியாத ஒர்க்‌ஷாப் இல்லை. ஒருநாள் நண்பனோடு வேறு ஊருக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. இதுவரை ஒரு போன் வரவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. பள்ளித் தேர்வு முடிந்திருந்ததால் அன்று நானும் போயிருந்தேன். சரியான வருடத்துப் பதிவேடு, பழுப்பு உறையில், மேசை மேல் இருந்தது. நூல் அவிழ்க்கப்படவில்லை. தண்டனைக் காலம் முடிந்துவிட்டதால் இந்த மனுவில் இனித் தீர்மானிக்க ஒன்றுமில்லை என்று நீதிபதி சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா நீதிமன்ற எழுத்தரை நிறுத்திக் கேட்டார்.

“அப்போ நான் இருந்தேன்னு எங்கயும் எழுத மாட்டீங்களா?”

“கேஸ் முடிஞ்சுதும்மா. உங்க பையன்தான் வெளிய வந்துட்டாரே.”

“அந்த வரியை மட்டும் அடிச்சுட முடியாதா?”

“முடிஞ்ச கோப்புல யாரும் கை வைக்க முடியாதும்மா. வழி விடுங்க.”

அவர் வழி விட்டார். அக்காவைத் திரும்பிப் பார்த்து, “நீ ஏம்மா அன்னைக்கு முடியும்னு சொன்ன?” என்றார். திட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு பேருந்துக்குத் தனியாகப் போனார். இப்போதும் அவர் காலை ஷிஃப்டில்தான் இருக்கிறார். மறுபடி மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். போய்ப் பார்க்கவோ அவருக்கு யாரும் இல்லை.

அக்கா ஒரு பெரிய கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் சரிபார்க்கிறாள். பத்து மணி நேரம் நிற்கும் வேலை. உறுதிமொழி எழுதிக் கொடுத்ததற்காக வருத்தப்படுகிறாயா என்று ஒருநாள் கேட்டேன். “அதுக்கில்லடி. சார் டைப் அடிக்கும்போது பக்கத்துலதான் நின்னேன். அப்பவே கத்தியிருக்கணும். மார்க் தாளைப் பார்த்துட்டு நின்னேன்” என்றாள். சொல்லிவிட்டுச் சீருடைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள்.

எனக்கு இதில் ஆறுதலாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அந்தக் கோப்பில் ‘குடும்ப ஆதரவு இல்லை’ என்பது இன்றும் முத்திரையோடு இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: அந்த மெக்கானிக்குக்கு அம்மா இருந்தார். மகனைப் பார்ப்பதற்காக வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாள்கூடத் தவறாமல் போனார். நீங்கள் இதைப் படித்ததோடு வைத்துவிடாதீர்கள். இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். குற்றவியல் படிக்கிற பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள்.